தோபாவின் நூற்பட்டியலும் மட்டக்களப்பின் களரியும்

1931ஆம் ஆண்டு ஜப்பானின் கீ தீபகற்பத்தில் இரண்டு சிறிய கடற்கரை ஊர்களுக்கிடையே கடிதங்கள் போய்வரத் தொடங்கின. தனாபே என்ற ஊரிலிருந்து எழுதியவர் மினகாட்டா குமகுசு. இளமையில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து நூலகத்தில் ஆண்டுக்கணக்காகக் குறிப்பெடுத்தவர். ஊர் திரும்பிய பின் காட்டில் சளிப்பூஞ்சை தேடி அலைந்தவர். 1929இல் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்குத் தாம் சேகரித்த மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டிகளில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டியவர் என்ற கதையால் இன்றும் நினைவுகூரப்படுகிறார். தோபா என்ற ஊரில் அவருடைய கடிதங்களைப் பெற்றவர் இவாடா ஜூனிச்சி. படம் வரைபவர், நாட்டார் வழக்காற்று ஆர்வலர், வயது முப்பதைத் தாண்டியவர். இருவரும் ஏறக்குறையப் பத்தாண்டு காலம் எழுதிக்கொண்டது ஒரே பொருளைப் பற்றி: ஜப்பானின் பழைய இலக்கியத்தில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதல்.

இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் கிழக்காசிய இலக்கியமும் பால்புதுமையினர் ஆய்வும் இணைந்த ஒரு துறை இருக்கிறது. அதற்கெனப் பேராசிரியர்கள், ஆய்விதழ்கள், மாநாடுகள் இருக்கின்றன. இவாடாவுக்கு இவற்றில் எதுவும் இருக்கவில்லை. பல்கலைக்கழகப் பதவிகூட இல்லை. அவர் முக்கியமாகச் செய்தது பட்டியல் போட்டதுதான். அரசவை நாட்குறிப்புகள், பௌத்த மடங்களில் வழங்கிய கதைகள், சாமுராய் வீட்டு வரலாறுகள், கபுக்கி நாடக நடிகர்களைப் பற்றிய விமர்சனப் பிரசுரங்கள், கேலிச் செய்யுள்கள் என்று கைக்குக் கிடைத்த எல்லா ஏட்டிலும் இப்பொருள் எங்கே வருகிறது என்று தேடித் தேடிக் குறித்துவைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஜப்பானியத் துப்பறியும் கதையின் முன்னோடியான எடோகவா ரான்போ அவருடைய நெருங்கிய நண்பர். பழைய புத்தகக் கடைகளை இருவரும் சேர்ந்து துழாவினார்கள். இவாடா 1945இல் இறந்தார். அவருடைய நூற்பட்டியல் போருக்குப் பின்னரே அச்சேறியது. தோபாவில் அவர் வாழ்ந்த வீடு பிற்காலத்தில் சிறு இலக்கிய அருங்காட்சியகமாயிற்று.

1999இல் கிரெகரி ஃப்ளுக்ஃபெல்டர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், 1600 தொடக்கம் 1950 வரையான ஜப்பானில் ஆண்-ஆண் காமம் எப்படிப் பேசப்பட்டது என்பது குறித்துப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அப்படிப்பட்ட ஆய்வுக்கு வழி போட்டவர்களில் தோபாவின் இந்தப் பட்டியல்காரரும் ஒருவர். மேல்நாட்டுக் கோட்பாடு வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, உள்ளூர் ஏடுகளை உள்ளூர்க்காரர் ஒருவர் வெட்கமில்லாமல் வாசித்திருக்கிறார். சீனத்திலும் கதை இதுதான். சமூகவியலாளர் பான் குவாங்டான், ஹேவ்லொக் எலிஸின் பாலியல் உளவியல் நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்து 1946இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்போடு அவர் நின்றுவிடவில்லை. சீன நூல்களில் தன்பால் காமம் பற்றிக் கிடைத்த செய்திகளையெல்லாம் திரட்டிப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார். தன் அங்கியின் கைப்பகுதிமேல் தலைசாய்த்து உறங்கும் காதலனை எழுப்ப மனமில்லாமல் அந்தக் கைப்பகுதியையே வெட்டிக்கொண்டு எழுந்த ஹான் வமிசத்து ஐ பேரரசனின் கதை, சீன எழுத்தில் இரண்டாயிரம் ஆண்டாக வழங்கிவருவது. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை. மறைக்காமல் இருந்தாலே போதுமாயிருந்தது.

இந்தச் செய்தியெல்லாம் செட்டிபாளையத்தில் இருக்கும் வாசகருக்கு எதற்கு?

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே கல்முனை வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீளும் எழுவான்கரை ஊர்களில் ஒன்று செட்டிபாளையம். கண்ணகி அம்மன் கோயில்களை வரிசைப்படுத்தும் பழைய ஊர்சுற்றுக் காவியத்தில் அதன் பெயர் வருகிறது. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடிக் குளிர்த்திச் சடங்கோடு முடியும் வழிபாடு இந்தக் கரையின் பல ஊர்களுக்குப் பொது. தோபாவைப் போலவே இதுவும் தலைநகருக்குத் தொலைவிலிருக்கும் கடலோரம். தோபாவைப் போலவே இங்கும் பட்டியல்காரர்கள் இருந்தார்கள். தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டைப் பதிப்பித்தார். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தை அச்சேற்றினார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. அவரே 1968இல் கண்ணகி வழக்குரையையும் பதிப்பித்தார். பேராசிரியர் சி. மௌனகுரு மரபுவழி நாடகங்களை ஆட்டம், தாளம், உடை, களரி என்று கூறுபோட்டு ஆராய்ந்தார். ஈழத்தில் வேறெந்தப் பிரதேசத்துக்கும் இவ்வளவு பொறுமையான சேகரிப்பாளர்கள் வாய்க்கவில்லை என்று சொன்னால் யாழ்ப்பாணத்தார் கோபிக்கக்கூடும்; ஆனாலும் சொல்லலாம்.

இந்த அலமாரியில் ஒரு தட்டு மட்டும் காலியாக இருக்கிறது. இவாடா நிரப்பிய தட்டு அது.

பொருள் இல்லாததால் காலி என்று சொல்ல முடியாது. கூத்தை எடுத்துக்கொள்வோம். வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிகளில் எதுவானாலும் மரபில் ஆடுவோர் ஆண்கள். திரௌபதியும் சுபத்திரையும் அல்லியும் ஊரின் இளைஞர்களே. சட்டம் கொடுத்தல் என்ற சடங்கில் பாத்திரம் பங்கிடும் நாளிலேயே, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடல்வாகையும் பார்த்துப் ‘பெண் கூத்து’க்கு ஆள் தெரிந்துவிடுவார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். அரசனுக்கு ஒரு வரவு ஆட்டம், பெண்ணுக்கு வேறொரு வரவு ஆட்டம். காலடியும் தாளக்கட்டும் வேறு. வடமோடி அரசன் விரிந்த கரப்புடுப்போடு வட்டக்களரியை அதிர வைக்க, சேலையும் கொண்டையுமாகப் பெண் கூத்துக்காரர் கால் அடக்கி ஆடுவார். நான்கு பக்கமும் சனம். விடிய விடிய அவர் பெண். விடிந்தால் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர்.

கபுக்கியை ஆராய்ந்தவர்கள் இங்கேதான் கேள்விகளைத் தொடங்குகிறார்கள். 1629இல் ஜப்பானிய ஆட்சி பெண்கள் மேடையேறுவதைத் தடை செய்தது. இளைஞர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்கள்மேல் பிரபுக்களும் சாமுராய்களும் மயங்கிச் சண்டையிட, 1652இல் இளைஞர்களுக்கும் தடை வந்தது. முன்முடியை மழித்த ஆடவர் மட்டுமே ஆடலாம் என்றாயிற்று. நடிகர்கள் சளைக்கவில்லை: மழித்த இடத்தை ஊதாப் பட்டுத் துணியால் மூடிக்கொண்டார்கள், பிறகு அந்தத் துணியே கவர்ச்சியின் அடையாளமாகிவிட்டது. ஈஹாரா சாய்காக்கு 1687இல் எழுதிய ‘நன்ஷோக்கு ஓககாமி’ நாற்பது கதைகளைக் கொண்டது. முதற்பாதி சாமுராய் உலகின் ஆண்-ஆண் காதல், மறுபாதி கபுக்கி நடிகர்களின் உலகம். பால் கார்டன் ஷாலோ 1990இல் அதை முழுமையாக ஆங்கிலத்தில் தந்தபோது, நாடகம், வணிகம், காதல், கடமை ஆகிய நான்கும் ஒரே முடிச்சாக இருந்ததை வெளியுலகம் பார்த்தது. பெண் வேடத்துக்குப் புகழ்பெற்ற யோஷிசாவா அயாமே, மேடைக்கு வெளியேயும் பெண்ணைப்போலவே வாழ்ந்து பழகினால்தான் வேடம் கைவரும் என்று கருதியவர். 19ஆம் நூற்றாண்டுப் பீக்கிங்கிலும் பெண் வேட இளைஞர்களைச் சுற்றி ஒரு இலக்கியமே எழுந்தது. 1849இல் வெளிவந்த சென் சென்னின் ‘பின்ஹுவா பாவ்ஜியன்’ நாவல் அவர்களையும் அவர்களை நேசித்த கனவான்களையும் பற்றியதுதான்.

மட்டக்களப்புக் கூத்து கபுக்கி அல்ல. காசுக்கு நடக்கும் நகர அரங்கு அல்ல அது. குடியும் கோயிலும் சேர்ந்து நடத்தும் ஊர்க் காரியம். பெண் வேடம் கட்டியவரெல்லாம் பால்புதுமையினர் என்று சொல்வது, கொலைகார வேடம் கட்டியவரைப் பொலிசில் ஒப்படைப்பதற்குச் சமம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பெண் கூத்தில் பேரெடுத்தவரை ஊர் எப்படிப் பார்த்தது? வேடத்துப் பெயர் அவருடைய பட்டப்பெயராகி ஒட்டிக்கொண்டதா? கல்யாணம் பேசும்போது அது வழக்காயிற்றா, பெருமையாயிற்றா? மீசை எடுப்பதில் தயக்கம் இருந்ததா? வேடம் கலைந்த பின்னும் கலையாத ஏதேனும் அவருக்குள் மிஞ்சியதா? தாளக்கட்டைப் பதிவு செய்த அளவுக்கு இவற்றை நாம் பதிவு செய்யவில்லை. சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கியபோது, கூத்துப் பிரதிகளில் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் காட்டப்பட்ட விதத்தை ஊராரோடு இருந்து விவாதித்தார்கள். அந்த விவாதத்தை இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் இந்தக் கேள்விகள்தான் வரும்.

கோயில் பக்கம் திரும்பினாலும் இதே நிலைதான். கண்ணகி வழிபாட்டு ஊர்களில் கொம்புமுறி என்ற சடங்கு விளையாட்டு நடக்கும்போது ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. கட்சி பிறப்பால் வருவது. ஆண்கள் பாதிப்பேர் கண்ணகியின் ஆட்கள். ஒரு கட்சி மற்றதை வைது பாடும் வசைப்பாட்டில் வெட்கம் என்ற சொல்லுக்கே இடமில்லை. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி தெய்வ வழிபாடு பற்றிய பெருநூலில், சிங்களச் சடங்கில் பத்தினியாக உடையணிந்து வரும் ஆண் பூசகரான கப்புராளையையும், நம் கொம்புமுறிக்கு இணையான அங்கெலியவையும், அதன் ஆபாசப் பேச்சையும் முகம் சுளிக்காமல் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய உளப்பகுப்பாய்வு விளக்கங்கள் சில இடங்களில் இழுத்துப் பிடித்தவையாகத் தோன்றும். ஆனால் தரவை அவர் கழுவித் துடைக்கவில்லை. நம்மவர்கள் பதிப்பித்த தொகுப்புகளில் பக்திப்பாட்டும் காதற்கவியும் தாராளமாகக் கிடைக்கின்றன. வசைப்பாட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருந்த பெரியவர்கள், மாணவர் கையில் போகும் நூலென்று நினைத்து அடக்கி வாசித்திருக்கலாம். நியாயமான தயக்கம்தான். ஆராய்ச்சிக்கு அது நட்டம்.

பழைய தமிழ் இலக்கியம் இவ்வளவு தயங்கவில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரை உயர்திணையில் எப்படி வழங்குவது என்று விதி செய்துவிடுகிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஆடும் பதினோராடலில் ஒன்று பேடு. வாணாசுரனுடைய நகரில் காமன் ஆடியது அது. மணிமேகலை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கிறது. மலர்வனம் புக்க காதையில், மணிமேகலை புகாரின் வீதி வழியே போகையில் கூட்டம் வேடிக்கை பார்க்கும் காட்சிகளில் பேடிக்கோலத்து ஆட்டமும் ஒன்று. சாத்தனார் அந்த ஆட்டக்காரரின் சுருண்ட தாடியையும் பூச்சூடிய கூந்தலையும் அருகருகே வைக்கிறார். பவள வாய், வெள்ளித் தோடு, பிறை நெற்றி, இளமுலை, நுண்ணிடை, வட்டுடை என்று மேலிருந்து கீழே பார்வை இறங்குகிறது. பெண்ணை வருணிக்கும் அதே கேசாதிபாத வாய்பாடு. தாடி மட்டும் கூடுதல். கேலியா, வியப்பா என்று பிரிக்க முடியாதபடி வரிகள் நடக்கின்றன. புகார் மக்கள் கல்லெறியவில்லை, நின்று பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களை வாசிப்பதில் ஒரு பொறி உண்டு. உற்சாகத்தில் எல்லா நட்பையும் காதலாக்கிவிடலாம். நட்சுமே சோசெக்கியின் ‘கொகோரோ’ நாவலில் (1914) முதியவருக்கும் மாணவனுக்கும் இடையிலான ஈர்ப்பு எத்தகையது என்று ஜப்பானிய விமர்சனம் நெடுங்காலம் சண்டையிட்டது. நல்ல ஆய்வாளர்கள் அங்கே தீர்ப்புச் சொல்ல அவசரப்படவில்லை. அக்காலத்தவருக்கு எந்தெந்த வகை உறவுகள் சாத்தியமாயிருந்தன என்பதையே முதலில் பட்டியலிட்டார்கள். பார்க்காமலே நட்புக்கொண்டு, வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனுக்குப் பக்கத்தில் தாமும் வந்தமர்ந்த பிசிராந்தையாரை வாசிக்கவும் அந்த நிதானம் வேண்டும். அதைக் காதல் என்று முத்திரை குத்துவதும் தப்பு. அதைப் பற்றிப் பேசுவதே அவமதிப்பு என்று கொதிப்பதும் தப்பு.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கிருந்து வந்தது என்பதும் ஆய்வுக்குள் வருகிறது. ‘இதெல்லாம் நம் பண்பாட்டில் இல்லை’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் துணைக்கு அழைக்கும் சட்டம், 1883இல் பிரித்தானியர் இலங்கைக்கு இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள். தம் மண்ணுக்கென்று சட்டம் இல்லாத ஊரல்ல மட்டக்களப்பு: தாய்வழிக் குடி, பெண்வழி முதுசம் என்று முக்குவர் வழமை தனியே இருந்தது, கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் அதை நூலாகவே ஆக்கினார். 365அ அந்த மரபிலிருந்து வந்ததல்ல, விக்டோரியா காலத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. 1995இல் நாடாளுமன்றம் அதில் கைவைத்தபோதும் நீக்கவில்லை. ‘ஆண்’ என்றிருந்ததை ‘ஆள்’ என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 2023இல், இந்த உறவைக் குற்றமற்றதாக்க முனைந்த பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலத்துக்கு அரசியலமைப்பு தடையில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் சட்டமாகவில்லை.

கிழக்காசியா இந்த இடத்தில் எளிய பாடம் எதுவும் தராது. ஜப்பான் 1873இல் ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கியது. பிரெஞ்சுச் சட்டநிபுணர் புவாசொனாடின் ஆலோசனையோடு எழுதிய புதிய சட்டக்கோவை 1882இல் நடைமுறைக்கு வந்தபோது அது போய்விட்டது. பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. சீனத்திலோ, மேற்கு வந்து கெடுத்தது என்று சொல்ல வழியில்லை. சிங் அரசு 1740லேயே மனமொத்த ஆண்-ஆண் உறவுக்கு நூறு அடியும் ஒரு மாதக் கழுத்துப்பலகையும் விதித்தது. மத்தியூ சொம்மர் அந்த வழக்கேடுகளைப் பல்லாண்டு வாசித்தவர். அவருடைய 2024ஆம் ஆண்டு நூலில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்ணாக வாழ்ந்து, ஆணொருவரை மணந்து, நரி ஆவியின் பெயரால் நோய் தீர்த்துவந்த ஒருவரின் வழக்கு வருகிறது. தெய்வம் ஏறி ஆடுவோரிடம் நோய்க்கும் துயருக்கும் வாக்குக் கேட்கும் வழக்கம் உள்ள மட்டக்களப்பு வாசகருக்கு அந்த மனிதர் அந்நியராகத் தோன்றமாட்டார். போர்க்காலத்தில் காணாமற்போனவர்களைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு நின்றதைப் பற்றி மானிடவியலாளர் பற்றிசியா லோரன்ஸ் எழுதியிருக்கிறார். அந்த ஆவேசத்தில் ஆண்-பெண் கோடு என்னவாகிறது என்று தனியே ஆராயலாம்.

பெண்களின் பக்கம் இதைவிடக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கிழக்காசிய ஆய்விலும் அது பிந்தித்தான் வந்தது. ட்ஸே-லான் சாங் 2003இல் வெளியிட்ட நூல், 1920களின் சீனப் பெண்கள் பள்ளிகளிலிருந்தும் லூ யின், லிங் ஷுஹுவா ஆகியோரின் கதைகளிலிருந்தும் தொடங்கிப் பெண்களுக்கிடையிலான காதலின் நவீன வரலாற்றை எழுதியது. தைவானில் சியூ மியாவ்ஜினின் ‘ஒரு முதலையின் குறிப்புகள்’ 1994இல் வந்தது. மறு ஆண்டு பாரிசில், இருபத்தாறு வயதில், அவர் இறந்துபோனார். அதே 1994இல்தான் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ வந்தது: கொழும்புத் தமிழ்ச் சிறுவன், மணப்பெண் விளையாட்டு, 1983 கலவரம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கனடாவிலிருந்து வந்த நூல் அது. தைவானிலோ தன்பால் திருமணச் சட்டமே 2019 மே 24இல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

சித்திரலேகா மௌனகுரு செய்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். 1986இல் ஈழத்துப் பெண் கவிஞர்களைத் திரட்டி ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். அந்தக் கவிதைகளில் பல ஏற்கெனவே அங்கங்கே இருந்தவைதான். ஒன்றாகக் கட்டியபோதுதான் அது ஒரு மரபென்று எல்லோருக்கும் தெரிந்தது. இந்தப் பொருளுக்கும் அப்படியொரு கட்டு தேவை. தமிழ்நாட்டில் அது தொடங்கிவிட்டது. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, பிரியா பாபுவின் எழுத்துகள் என்று சம்பந்தப்பட்ட திருநங்கையரே எழுதுகிறார்கள். ஈழத்தின் கிழக்குக் கரையில் சொல்லப்படாதது இன்னும் நிறைய.

ஆவணம் ஏட்டில் மட்டும் இல்லை. பெண் கூத்தில் பேரெடுத்த தலைமுறை எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களில் பலர் கூத்துக் கொப்பியை இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இருக்கிறது. இரண்டிலிருந்தும் எழுவான்கரை ஊர்களுக்குப் பஸ் ஓடுகிறது. ஆண்டுதோறும் அங்கே கூத்தைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களில் ஒருவராவது, தாளக்கட்டைக் கேட்டு முடித்த பிறகு, சேலை கட்டி ஆடிய அனுபவத்தையும் கேட்டுப் பதிவு செய்யட்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடலாம். வழிகாட்டும் ஆசிரியர்கள் அந்த அத்தியாயத்தை வெட்டாமல் இருந்தால் போதும்.